கையெழுத்துப் போடாத குழந்தை

வேலை முடிந்து வீட்டுக்குப் போகாமல் நேரே இங்கே வந்திருக்கும் சகோதரிகளே, பின்வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு, "இந்த வக்கீலம்மா நம்மளைத்தான் திட்டப் போறாங்க" என்று தயாராக உட்கார்ந்திருக்கும் சகோதரர்களே!

திட்ட வரவில்லை. ஒரு தாளைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். கணவனும் மனைவியும் பிரியும்போது எழுதிக்கொள்கிற தாள். அதில் பிள்ளைக்கு மாதாமாதம் இவ்வளவு என்று ஒரு வரி இருக்கும். அந்த வரியில் உள்ள பணம் ஏன் வருவதில்லை, வராவிட்டால் எப்படி வரவைப்பது? இன்றைக்கு என் பேச்சு இவ்வளவுதான்.

சில வருடங்களுக்கு முன் திருமங்கலம் பக்கத்திலிருந்து ஒரு பெண் மதுரைக்கு என்னைப் பார்க்க வந்தார். தையல் வேலை. கையில் ஒரு மஞ்சள் பை. பைக்குள் பிளாஸ்டிக் உறை, உறைக்குள் மடித்து மடித்து மடிப்பிலேயே கிழிந்துபோன ஒரு முத்திரைத்தாள். ஊர்ப் பெரியவர்கள் உட்கார்ந்து பேசி, "தீத்துவிட்ட" பத்திரம். நான் வாங்கிப் படித்தேன். எழுதியவர் நல்ல கைக்காரர். நிலம் விற்றுப் பழகிய கை. சீர்ப் பொருள்களுக்குத் தனியாகத் தபசில் போட்டிருந்தார். பித்தளை அண்டா 1. குத்துவிளக்கு 2. கட்டில் 1. பீரோ 1. வெட் கிரைண்டர் 1. மிக்ஸி 1, பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் "ரிப்பேர்". மிக்ஸி ஓடாது என்பதைக்கூட விடாமல் எழுதிய மனிதர், நாலு வயதுப் பையனைப் பற்றி எவ்வளவு எழுதியிருந்தார் தெரியுமா? மூன்று வரி. மைனர் மகன் தாயார் வசம் இருப்பான். தகப்பனார் மாதம் ரூபாய் 4,000 கொடுத்து வருவார். இனி ஒருவர் பேரில் ஒருவர் எந்தக் கோர்ட்டிலும் எந்த வழக்கும் போடுவதில்லை.

எந்தத் தேதியில் கொடுப்பார்? இல்லை. எந்தக் கணக்கில் போடுவார்? இல்லை. எத்தனை வயது வரைக்கும்? இல்லை. பையன் ஒன்றாம் வகுப்பிலும் 4,000, பத்தாம் வகுப்பிலும் அதே 4,000தானா? அதுவும் இல்லை. கீழே கணவர் கையெழுத்து, மனைவி கையெழுத்து, இரண்டு தரப்புத் தாய்மாமன்கள், ஐந்து சாட்சிகள். ஊரே கையெழுத்துப் போட்டிருந்தது. போடாதவன் ஒருவன்தான். அந்த நாலு வயதுக்காரன்.

ஏழு மாதம் பணம் வந்திருக்கிறது. எட்டாவது மாதம் "அடுத்த மாசம் சேர்த்துத் தர்றேன்". ஒன்பதாவது மாதம் போன் எடுக்கவில்லை. அந்தப் பெண் என்னிடம் வந்தது எப்போது? மூன்று வருடம் கழித்து! "ஏம்மா இத்தனை நாள் வரலை?" என்று கேட்டேன். அவர் சொன்ன பதிலை நான் மறக்கவே மாட்டேன். "கேஸ் போடமாட்டேன்னு எழுதிக் குடுத்துட்டேனே மேடம்."

மூன்று வருடம்! ஒரு பொய்யான வரியை நம்பி மூன்று வருடம்.

அந்த வரி ஏன் பொய்? அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

பிள்ளைக்கு வர வேண்டிய ஜீவனாம்சம் பிள்ளையின் உரிமை. அம்மாவின் சொத்து இல்லை. அப்பாவின் தர்மமும் இல்லை. பிள்ளைக்குச் சொந்தமானதை அம்மா எழுதிக் கொடுக்க முடியுமா? என் வீட்டை நீங்கள் விற்க முடியாது. உங்கள் பிள்ளையின் சோற்றையும் நீங்கள் விட்டுக்கொடுக்க முடியாது. தாய் செய்துகொண்ட சமரசம் பிள்ளையின் உரிமையைக் கட்டுப்படுத்தாது என்று உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. வழக்கே போடமாட்டேன் என்று எழுதி வாங்குவது ஒப்பந்தச் சட்டத்தின் 23-வது பிரிவின்படி பொதுநலனுக்கு விரோதம், செல்லாது. பஞ்சாயத்தில் எழுதினாலும் செல்லாது, பதிவாளர் அலுவலகத்தில் எழுதினாலும் செல்லாது, தங்கத் தகட்டில் எழுதினாலும் செல்லாது.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. படித்தவர்களே இதில் வழுக்கி விழுகிறார்கள். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-வது பிரிவு, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 144-வது பிரிவாக உட்கார்ந்திருக்கிறது. எண் மாறியது, எலும்பு மாறவில்லை. அதில் ஓர் உட்பிரிவு, இருவரும் மனமொத்துப் பிரிந்து வாழ்ந்தால் மனைவிக்கு இந்தப் பிரிவின் கீழ் ஜீவனாம்சம் இல்லை என்கிறது. எதிர்த்தரப்பு வக்கீல் இந்தப் பத்திரத்தைத் தூக்கிக் காட்டுவார். "பாருங்கள் ஐயா, மனமொத்துப் பிரிந்திருக்கிறார்கள், மனு தள்ளுபடி ஆக வேண்டும்" என்பார். அங்கேதான் நாம் சட்டத்தை நிதானமாகப் படிக்க வேண்டும். அந்தத் தடை யாருக்கு? மனைவிக்கு. பிள்ளைக்கா? பிள்ளையைப் பற்றி அந்த உட்பிரிவு வாயே திறக்கவில்லை. திருமண உறவில் பிறந்த பிள்ளையா, உறவுக்கு வெளியே பிறந்த பிள்ளையா என்றுகூடப் பார்க்காத பிரிவு அது. பிரிந்தது இரண்டு பேர். பிள்ளை யாரையும் பிரியவில்லை.

சரி, அப்படியானால் அந்தப் பத்திரம் குப்பையா? குப்பை இல்லை. கிழித்துப் போட்டுவிடாதீர்கள். அது சாட்சி. இவன் என் மகன், இவனைக் காப்பாற்றும் கடமை எனக்கு உண்டு, மாதம் 4,000 கொடுக்க எனக்கு வசதி உண்டு என்று அப்பாவே கையெழுத்துப் போட்டிருக்கிறார். பின்னால் கோர்ட்டில் நின்று "எனக்கு வருமானமே இல்லை" என்று சொன்னால், அந்தக் கையெழுத்து எழுந்து நின்று எதிர்க்கேள்வி கேட்கும்.

ஆனால் சாட்சி வேறு, உத்தரவு வேறு. இந்த வித்தியாசத்தை இன்றைக்கு நீங்கள் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனால் போதும். பஞ்சாயத்துப் பத்திரத்தை வைத்துக்கொண்டு எந்த அமீனாவும் எந்த வீட்டுக் கதவையும் தட்ட முடியாது. எந்தக் கம்பெனியும் அதைப் பார்த்துச் சம்பளத்தில் ஒரு ரூபாய் பிடிக்காது. பணம் வசூலாக வேண்டும் என்றால் தாளின் மேல் நீதிமன்ற முத்திரை விழ வேண்டும்.

அந்த முத்திரை எப்படி விழும்? மனமொத்த விவாகரத்து மனு போடும்போதே ஒப்பந்தத்தை மனுவோடு சேர்த்து, அதன் ஷரத்துகள் தீர்ப்பாணையின் பகுதி என்று எழுதச் சொல்லிக் கேளுங்கள். இந்து திருமணச் சட்டத்தின் 26-வது பிரிவு பிள்ளைகளின் பராமரிப்பு, படிப்பு இரண்டுக்கும் உத்தரவு போட இடம் தருகிறது. விவாகரத்து முடிந்த பிறகும் அதே பிரிவில் மனு போடலாம். அல்லது லோக் அதாலத்தில் சமரசம் பேசி முடியுங்கள். அங்கே ஆகும் முடிவு சிவில் கோர்ட் தீர்ப்பாணைக்குச் சமம், மேல்முறையீடும் கிடையாது. அல்லது, திருமங்கலத்துப் பெண்ணைப் போல வெறும் பத்திரம்தான் கையில் இருக்கிறதா? 144-ல் மனு போடுங்கள். எம்.சி. போடுவது என்று எங்கள் வளாகத்தில் சொல்வோம். வழக்கு முடியும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. இடைக்கால ஜீவனாம்ச மனுவை நோட்டீஸ் சார்வு ஆன நாளிலிருந்து கூடியவரை 60 நாளுக்குள் முடிக்க வேண்டும் என்பது சட்டம். நடைமுறையில் வாய்தாக்கள் அதைத் தின்றுவிடுகின்றன என்பதை நான் மறைக்கப் போவதில்லை. ஆனாலும் 60 நாள் என்பதைக் கேட்டு வாங்குகிறவருக்கு, கேட்காதவரைவிடச் சீக்கிரம் கிடைக்கிறது. என் அனுபவம் அது.

2020 நவம்பர் 4-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. இந்தத் துறையில் வேலை செய்கிற எங்களுக்கு அது தீபாவளி. ஜீவனாம்சம் கேட்டு மனு போட்ட நாளிலிருந்தே தொகை கணக்காக வேண்டும். உத்தரவு வந்த நாளிலிருந்து இல்லை. அதற்கு முன்னால் என்ன நடந்தது? எதிர்த்தரப்பு இரண்டு வருடம் வாய்தா வாங்கும். அந்த இரண்டு வருடப் பணம் பல வழக்குகளில் காற்றோடு போகும். வழக்கை இழுப்பதே லாபம் என்று ஒரு வியாபாரம் நடந்தது. இன்னொன்றும் அந்தத் தீர்ப்பில் உண்டு. இரண்டு தரப்பும் தங்கள் வரவு, செலவு, சொத்து, கடன் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும். சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு, எல்லாம்.

இந்தப் பிரமாணப் பத்திரம் வந்த பிறகு சில வேடிக்கைகளைப் பார்த்திருக்கிறேன். ஒருவர் மாதச் சம்பளம் 38,000 என்று காட்டினார். பிடித்தம் 31,000. என்ன பிடித்தம் என்று பார்த்தால், வழக்குப் போட்ட பிறகு வாங்கிய பைக் கடன், தங்கை வீட்டுக்கு வாங்கிய டிவி கடன், தானாக விரும்பி அதிகம் கட்டிய சேமநிதி. அதாவது பிள்ளைக்குக் கொடுக்க மீதி இல்லாதபடி வாழ்க்கையையே மாற்றி அமைத்திருந்தார்! நீதிபதி ஒரே கேள்விதான் கேட்டார். "இதெல்லாம் நீங்களாக வாங்கின கடன். பிள்ளை நீங்களாகப் பெறாததா?"

இன்னொரு வகை, வேலையையே விட்டுவிடுகிறவர்கள். "வேலை இல்லை, எங்கிருந்து கொடுப்பேன்?" கை கால் திடமாக இருக்கிற மனிதன் கூலி வேலை செய்தாவது மனைவி மக்களைக் காப்பாற்ற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2022-லும் திரும்பச் சொன்னது. வேலையை விடுவது எளிது, கடமையை ராஜினாமா செய்ய முடியாது.

உத்தரவு வந்துவிட்டது. அப்புறமும் பணம் வரவில்லை. நிஜமான யுத்தம் இங்கேதான் தொடங்குகிறது. உத்தரவு கிடைத்த அன்று மைசூர்பாகு கொடுத்துவிட்டுப் போகிறவர்கள், ஆறு மாதம் கழித்துத் திரும்பி வந்து "இன்னும் ஒண்ணும் வரலை" என்பார்கள். உத்தரவு என்பது மழை மாதிரி தானாக விழாது. கிணற்று நீர் மாதிரி, இறைத்தால்தான் வரும்.

எப்படி இறைப்பது? பாக்கி விழுந்ததும் நிறைவேற்று மனு. நீதிமன்றம் வாரண்ட் பிறப்பித்து, அபராதத்தை வசூலிப்பது போல வசூலிக்கலாம். கலெக்டர் மூலம் நிலவரி பாக்கியைப் பிடிப்பது போலவும் பிடிக்கலாம். அப்புறமும் கொடுக்காவிட்டால் ஒவ்வொரு மாதப் பாக்கிக்கும் ஒரு மாதம் வரை சிறை. அவர் ஊர் மாறிவிட்டாரா? அவர் இருக்கும் ஊர் மாஜிஸ்திரேட்டே அந்த உத்தரவை நிறைவேற்றலாம். உத்தரவின் நகலைப் பணம் வாங்காமல் கொடுக்க வேண்டும் என்றும் சட்டத்தில் இருக்கிறது. நகலுக்கு யாராவது காசு கேட்டால் இந்த மேடையில் கேட்டதைச் சொல்லுங்கள்.

சிறைக்குப் போய்விட்டு வந்து, "கழிச்சாச்சு, கணக்கு தீர்ந்தது" என்று மீசை முறுக்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தீரவில்லை ஐயா! சிறை என்பது பணத்தைக் கறக்கும் வழி. பணத்துக்குப் பதில் அல்ல. 1988-லேயே உச்ச நீதிமன்றம் சொன்னது இது. உள்ளே போய்விட்டு வந்தாலும் பாக்கி பாக்கிதான்.

எனக்கு ஜெயிலைவிடச் சம்பளப் பிடித்தம்தான் பிடிக்கும். ஜெயிலுக்குள் இருக்கிறவர் சம்பாதிக்க முடியாது. பிள்ளைக்கு அதனால் என்ன லாபம்? சிவில் நடைமுறைச் சட்டத்தின் 60-வது பிரிவைச் சொல்கிறேன், கேளுங்கள். நீங்கள் யாருக்கோ கடன் பட்டு, அதற்குத் தீர்ப்பாணை ஆகிறது. உங்கள் சம்பளத்தில் முதல் ஆயிரம் ரூபாயையும், மீதியில் மூன்றில் இரண்டு பங்கையும் தொட முடியாது. கடன்காரர் கைக்கு எட்டுவது மீதியில் ஒரு பங்குதான். ஆனால் ஜீவனாம்சத் தீர்ப்பாணை என்றால் கணக்கு தலைகீழ்! உங்களுக்கு மிஞ்சுவது மூன்றில் ஒரு பங்கு. மூன்றில் இரண்டு பங்கு வரை பிடிக்கலாம். வங்கிக் கடனைவிட, வட்டிக்காரர் கடனைவிட, பெற்ற பிள்ளையின் கடன் பெரியது என்று சட்டம் கணக்குப் போட்டே காட்டியிருக்கிறது. 2020 தீர்ப்பு, ஜீவனாம்ச உத்தரவைச் சிவில் தீர்ப்பாணை போலவே நிறைவேற்றலாம் என்று தெளிவாக்கியதால் இந்தக் கதவும் நமக்குத் திறந்திருக்கிறது.

இப்போது ஒரு எச்சரிக்கை. தூங்குகிறவர்கள் விழித்துக்கொள்ளுங்கள். 144-ன் கீழ் வாரண்ட் கேட்க வேண்டுமானால், தொகை கொடுபட வேண்டிய நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் மனு போட வேண்டும். ஒரு வருடம்! "பாவம், கஷ்டத்தில் இருக்கிறார்" என்று பதின்மூன்று மாதம் பொறுத்தீர்கள் என்றால், முதல் மாதத்துக்கு வாரண்ட் வழி அடைபடும். அந்தப் பணமே போய்விட்டது என்று அர்த்தமா? இல்லை. தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கில் 2013-ல் உச்ச நீதிமன்றம், அந்த ஒரு வருடம் வாரண்ட் என்ற விசேஷ வழிக்குத்தான் கெடு, பாக்கியைப் பெறும் உரிமைக்குக் கெடு இல்லை என்றது. சிவில் வழி திறந்தே இருக்கும். விவாகரத்துத் தீர்ப்பாணையிலேயே தொகை எழுதப்பட்டிருந்தால் நிறைவேற்ற 12 வருடம் இருக்கிறது. ஆனால் வெறும் ஒப்பந்தம் மட்டும் என்றால் மூன்று வருடம்தான். ஆகவே காலண்டரில் ஒவ்வொரு மாதமும் வந்ததையும் வராததையும் குறித்து வையுங்கள். பால் கணக்கு எழுதுகிற மாதிரி எழுதுங்கள். கையில் ரொக்கமாக வாங்காதீர்கள். கணக்கில் போடச் சொல்லுங்கள். இது கொடுக்கிற அப்பாவுக்கும் பாதுகாப்பு. ரொக்கமாகக் கொடுத்துவிட்டு ரசீது இல்லாமல் கோர்ட்டில் கையைப் பிசைந்த நல்ல அப்பாக்களையும் நான் பார்த்திருக்கிறேன்.

நல்ல அப்பாக்கள் என்றேன். அவர்கள் பக்கத்தையும் பேச வேண்டும். "பணம் கொடுக்கிறேன், பிள்ளையைக் காட்ட மாட்டேங்கிறாங்க" என்று கண் கலங்குகிறவர்கள் உண்டு. சகோதரிகளே, பிள்ளையைக் காட்டுவது பணத்துக்கான ரசீது இல்லை. சகோதரர்களே, பணம் கொடுப்பது பிள்ளையைப் பார்ப்பதற்கான டிக்கெட்டும் இல்லை. பார்க்க விடவில்லையா? அதற்குத் தனி மனு போடுங்கள். பணத்தை நிறுத்தினால் பட்டினி கிடப்பது உங்கள் முன்னாள் மனைவியா? அம்மா நன்றாகச் சம்பாதித்தால் அவருக்கும் பங்கு உண்டு. இருவர் வருமானத்துக்கும் தக்கபடி பிள்ளையின் செலவைப் பகிர வேண்டும் என்றே நீதிமன்றங்கள் சொல்கின்றன. "அவள்தான் சம்பாதிக்கிறாளே" என்ற ஒரு வாக்கியம் உங்கள் பங்கைக் குறைக்கலாம். சுழியாக்காது.

ஒட்டுமொத்தமாக ஒரு தொகை வாங்கி முடித்துவிடலாம் என்று பலர் ஆலோசனை சொல்வார்கள். எனக்கு அதில் எப்போதுமே பயம். மூன்று லட்சம் கைக்கு வரும். அடகு நகையை மீட்க ஒரு லட்சம், அண்ணன் கடனுக்கு ஒரு லட்சம். பிள்ளை ஆறாம் வகுப்புப் போகும்போது பாஸ்புக்கில் நூற்றுச் சொச்சம். வாங்கத்தான் வேண்டும் என்றால் பிள்ளை பெயரில் வைப்புநிதியாகப் போடுங்கள். போதாமல் போனால் மறுபடி கேட்கலாம். ஒப்பந்தத்தில் குறித்த ஜீவனாம்சத் தொகையையும், சூழ்நிலை மாறினால் மாற்றலாம் என்று 1956-ஆம் வருடத்து இந்து தத்தெடுப்பு மற்றும் ஜீவனாம்சச் சட்டத்தின் 25-வது பிரிவிலேயே இருக்கிறது. 2001 வரை 125-வது பிரிவில் மாதம் 500 ரூபாய்தான் உச்சவரம்பு என்று சொன்னால் இங்கே இருக்கும் இளைஞர்கள் நம்ப மாட்டார்கள். அரிசி விலை ஏறியது, பள்ளிக் கட்டணம் ஏறியது, அந்த 500 மட்டும் அப்படியே நின்றது. இப்போது வரம்பு இல்லை. நாம் எழுதும் ஒப்பந்தங்களில்தான் அந்த 500 ஆவியாக வந்து உட்கார்ந்துகொள்கிறது.

ஆகவே எழுதும்போதே வசூலை நினைத்து எழுதுங்கள். ஒவ்வொரு மாதமும் 7-ஆம் தேதிக்குள் என்று எழுதுங்கள். கணக்கு எண்ணை எழுதுங்கள். வருடா வருடம் இத்தனை சதவீதம் கூடும் என்று எழுதுங்கள். பள்ளிக் கட்டணத்தை மாதத் தொகையில் கலக்காமல், நேரே பள்ளிக்கே கட்ட வேண்டும் என்று தனியாக எழுதுங்கள். மருத்துவச் செலவு யாருக்கு எவ்வளவு? எழுதுங்கள். மகள் என்றால் பதினெட்டோடு நிறுத்தாதீர்கள். மணமாகாத மகள், தன்னைத் தானே காப்பாற்றிக்கொள்ள வழியில்லாவிட்டால், 1956 சட்டத்தின் கீழ் பதினெட்டுக்குப் பிறகும் கேட்கலாம். அப்பா சிங்கப்பூருக்கோ வளைகுடாவுக்கோ போகிறவரா? அப்படியானால் இங்கே இருக்கும் வீட்டின் மேலோ நிலத்தின் மேலோ பொறுப்பு வைத்துப் பதிவு செய்யுங்கள். வில்லங்கச் சான்றில் ஏறட்டும். பிள்ளைகளின் ஜீவனாம்சத்தை நாடு கடந்து வசூலிக்க 2007-ல் ஹேக்கில் செய்துகொண்ட உடன்படிக்கையில் இந்தியா சேரவில்லை. விமானம் ஏறிய பிறகு துரத்துவதைவிட, ஏறும் முன் பிடித்து வைப்பது சுலபம்.

வக்கீல் வைக்கக் காசில்லை என்று யாரும் திரும்பிப் போகாதீர்கள். 1987-ஆம் வருடச் சட்டப்படி பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் எவ்வளவு என்று கேட்காமலே இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கிறது. தொலைபேசி எண் 15100. எழுதிக்கொள்ளுங்கள். மறுபடி சொல்கிறேன், 15100.

திருமங்கலத்துப் பெண் என்ன ஆனார் என்று முன்வரிசையில் ஒரு அம்மா அப்போதிருந்தே முகத்தால் கேட்டுக்கொண்டிருக்கிறார். எம்.சி. போட்டோம். எதிர்த்தரப்பு, எதிர்பார்த்தபடியே, "வழக்குப் போடமாட்டேன் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்" என்று பத்திரத்தின் நகலை நீட்டியது. நாங்கள் அசலை நீட்டினோம். நீதிபதி படித்துவிட்டு, "இதில் மைனர் எங்கே கையெழுத்துப் போட்டிருக்கிறான்?" என்றார். மனு போட்ட நாளிலிருந்து மாதம் 6,500 என்று உத்தரவானது. நான்கு மாதம் வரவில்லை. உடனே நிறைவேற்று மனு. அப்பா திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் சூப்பர்வைசர். கம்பெனிக்குச் சம்பளப் பிடித்த உத்தரவு போனது. அடுத்த மாதம் 7-ஆம் தேதி அந்தப் பெண்ணின் போனில் மணி அடித்தது. எனக்கு ஸ்கிரீன்ஷாட் அனுப்பியிருந்தார். கீழே ஒரு கேள்வி. "மேடம், அந்தப் பழைய பத்திரத்தை இனிமே தூக்கிப் போட்டுடலாமா?"

வைத்திருங்கள் என்றேன். மிக்ஸி இன்னும் வந்து சேரவில்லை.

கேள்விகள் இருந்தால் தாளில் எழுதி இங்கே அனுப்புங்கள். பெயர் எழுத வேண்டாம். பிரிந்த வருடமும், பிள்ளையின் வயதும், கடைசியாகப் பணம் வந்த மாதமும் மட்டும் எழுதினால் போதும்.